கறுப்பு முகத்து அமெரிக்க மணிக்கூடு

பெண்பிள்ளை ஒருத்தி ஆண்களின் மணிக்கூட்டைக் கையில் கட்டிக்கொண்டு திரிந்தால் அந்தக் காலத்துத் திருகோணமலையில் என்ன சொல்வார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாவற்றையும் என் காதுபடவே சொன்னார்கள். நான் தொலைபேசி நிலையத்தில் வேலை செய்தேன். நாள் முழுக்க ஊராரின் கதையை ஊராருக்கு இணைத்துக் கொடுக்கிறவளுக்குத் தன்னைப் பற்றிய கதை மட்டும் வந்து சேராமல் போகுமா? மணிக்கூடு கட்டினது நான், கை கடுத்தது அவர்களுக்கு. நான் அதைக் கழற்றவில்லை.

யுத்த காலத்தில் துறைமுகத்தை நிறைத்துக் கிடந்த கப்பல்களில் அமெரிக்கர்களும் வந்து போனார்கள். பிறகு கடற்படைத் தளம் கைமாறி, வெள்ளைக்காரர் பெட்டி கட்டிக்கொண்டு போனபோது, அவர்கள் விட்டுப்போன சாமான்கள் ஊருக்குள் இறங்கின. இரும்புக் கட்டில், மடக்குக் கதிரை, சவர்க்காரப் பெட்டி, அவற்றுக்கு நடுவே கைமணிக்கூடுகள். சுவிஸ் மணிக்கூடென்றால் ஆட்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அமெரிக்க மணிக்கூட்டைச் சீண்ட ஆளில்லை. பழுதானால் உள்ளே போட ஒரு சில்லுகூட இந்த ஊரில் கிடைக்காது என்பதுதான் காரணம். யாரும் வேண்டாமென்று ஒதுக்குவதன்மேல் ஆசைப்படுவது என் பிறவிக் குணம், ஆகவே நான் அவற்றைச் சேர்க்கத் தொடங்கினேன்.

என்னைப் போல இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் கிண்ணியாவிலிருந்து வந்து பட்டினத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா. ஒருவர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் அப்போதிக்கரி. மற்றவன் என் தம்பி. பூரணைக்குப் பூரணை நானாவின் கடைப் பின்னறையில் கூடி, தேத்தண்ணீர் குடித்து, கையில் இருப்பதைக் கழற்றி மேசையில் வைப்போம். அவரவர் வைத்ததை அவரவர் திரும்ப எடுக்கக்கூடாது. அதுதான் எங்கள் ஒரே சட்டம். மணிக்கூட்டுக்கு மனிதச் சூடு வேண்டும், பெட்டிக்குள் கிடந்தால் எண்ணெய் இறுகிச் செத்துப்போகும் என்பது எங்கள் நம்பிக்கை. சேர்ப்பது நான்கு பேர், கட்டுவதும் நான்கு பேர். எது யாருடையது என்ற கேள்வியே கொஞ்சக் காலத்தில் இல்லாமல் போயிற்று.

இன்னொருவரின் கைச்சூடு ஆறாத மணிக்கூட்டைக் கட்டும்போது எனக்கு உடம்பு கூசும். அந்தக் கூச்சம் எனக்குப் பிடித்தும் இருந்தது. தோல்வாரில் மூத்த துளை ஒன்று இருக்கும், தடித்த மணிக்கட்டுக்காரன் எவனோ இழுத்து இழுத்துப் பெருப்பித்த துளை. அவன் யார், ஊருக்குப் போய்ச் சேர்ந்தானா, அல்லது அவன் கையிலிருந்து வேறு யாரும் கழற்றினார்களா என்று நினைத்துக்கொண்டே நாங்கள் எங்களுக்கான புதுத் துளையில் கொழுவுவோம். நானா பிஸ்மில்லாஹ் சொல்லாமல் ஒன்றையும் கட்டமாட்டார். இருட்டான படக்கொட்டகையில் எங்கள் கைகளில் ரேடியம் எண்கள் பச்சையாக மினுங்கும்போது, முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துத் தாயின் மடியில் முகம் புதைப்பார்கள்.

தம்பிக்குப் பிடித்தது கறுப்பு முகத்து மணிக்கூடு. கறுப்புத் தட்டு, பச்சை எண்கள், உருக்குக் கூடு. அதன் சத்தம் மற்றவை போல இல்லை. ஓர் அடி அழுத்தமாகவும் அடுத்த அடி மெதுவாகவும் விழும், கால் ஊனமான ஆள் ஒருவர் சீமெந்துத் தரையில் நடப்பதுபோல. எத்தனை மணிக்கூடு சேர்ந்து ஓடினாலும் அதை மட்டும் நான் பிரித்துச் சொல்லிவிடுவேன். தம்பி குடாவைத் தாண்டி மூதூருக்கு ஆளேற்றிப் போகும் மோட்டார் லோஞ்சு ஓட்டினான். உப்புத் தண்ணீர் பட்டால் இந்த மணிக்கூடுகளுக்குச் சாவுதான், கடலில் கட்டாதே என்று நானா தலையில் அடித்துக்கொள்வார். தம்பி கேட்கமாட்டான். அந்தக் கறுப்பு முகம் அவன் கைக்கு வந்த மாதங்களில் அதைக் கட்டிக்கொண்டுதான் சுக்கான் பிடிப்பான்.

"கடலுக்கு நேரம் தெரிய வேணாமோ, நானா?" என்று கேட்டுச் சிரிப்பான்.

அந்த மார்கழியில் புயல் வந்தபோதும் அது அவன் முறையில்தான் இருந்தது. மழையும் காற்றும் தொடங்கிய பின்னேரம், முதலாளியின் லோஞ்சை உள்ளே ஒதுக்கிக் கட்டிவிட்டு வருகிறேன் என்று போனான். புயல் ஊரைப் புரட்டிப் போட்டது. எங்கள் வீட்டின் பாதி ஓடு பறந்தது. கடற்கரை வீதியில் வள்ளங்கள் மதில்களுக்கு மேலே ஏறிக் கிடந்தன. லோஞ்சு கிண்ணியாப் பக்கத்துக் கண்டல் காட்டுக்குள் உடைந்து கிடந்தது. தம்பி எங்கேயும் இல்லை. ஆஸ்பத்திரி வளவில் வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களை அப்போதிக்கரி முகத்துணி விலக்கி விலக்கிக் காட்ட, நான் ஒவ்வொருவரின் கையைத்தான் பார்த்தேன். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கை போதும், எனக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். எந்தக் கையிலும் அது இல்லை.

நானா வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றார்.

"தங்கச்சி, அந்தச் சாமான் அவன்ட கையிலேயே இரிக்கட்டும். இனி அதை யாரும் கேக்கவும் மாட்டோம், பேசவும் மாட்டோம்" என்றார். பிறகு பூரணைகள் வந்தன, நாங்கள் கூடவில்லை. என்னிடம் இருந்தவற்றுக்குச் சாவி கொடுக்கக் கை எழவில்லை. அலுமாரிக்குள் அவை ஒவ்வொன்றாக நின்றுபோயின.

வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள் மிஞ்சினோம். அம்மா, நான், தம்பியின் மனைவி. மச்சாள் சல்லி என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்தவள், கலியாணமாகி வந்து வருடம்கூடச் சரியாக நிறையவில்லை. எங்களுக்குள் சண்டை பிடிக்க ஆண்கள் தேவைப்படவில்லை. உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து எரித்து, அந்தியேட்டிச் சடங்கு செய்து, எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும் என்று அம்மா முதல் மாதமே தொடங்கிவிட்டாள். மச்சாள் மாட்டேனென்றாள். அவள் வீட்டார் கடலை நம்பிப் பிழைப்பவர்கள். கடல் எதையாவது கொண்டுவந்து கரையில் போடும்வரை அவர்கள் பொட்டு அழிக்கமாட்டார்களாம்.

"என்ர பிள்ளை தண்ணி வென்னி இல்லாமல் அந்தரத்தில அலையுது. உனக்கு உன்ர குங்குமம் பெரிசாப் போச்சோ?" என்று அம்மா கத்துவாள்.

"அவர் அலையேல்லை, மாமி. வருவார்" என்பாள் மச்சாள், மீன் செதிள் தட்டிக்கொண்டே.

நான் அம்மாவின் பக்கம். சொல்லத்தான் வேண்டும், அன்றைக்கு நான் முழுக்க அம்மாவின் பக்கம்தான். பொழுது விடியும்போதெல்லாம் நெற்றி நிறையப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலைப் பார்க்கும் ஒருத்தியோடு ஒரே கூரைக்குள் இருப்பது லேசான காரியம் இல்லை. அவள் பார்க்கும் திசையை நாங்களும் பார்க்க வேண்டியிருந்தது. படலை கிறீச்சிட்டால் மூன்று பேரும் நிமிர்ந்தோம். வருவது ஆடாக இருக்கும். அவள்மேல் எனக்கு எரிச்சல் வரும்.

அடுத்த வருடம் கச்சான் காற்று எழும்பிய காலம். மத்தியானத்தில் நெருப்பை அள்ளி வீசுவதுபோலக் காற்று அடிக்கும். கதவு, யன்னல் எல்லாம் சாத்திவிட்டு ஆளாளுக்கு ஒரு மூலையில் கிடப்போம். எனக்கு அன்று வேலை இல்லை. காற்று ஒரு கணம் ஓய்ந்தது. அந்த இடைவெளியில் கேட்டது. ஓர் அடி அழுத்தம், ஓர் அடி மெது.

எழுந்து அலுமாரியைத் திறந்தேன். என் மணிக்கூடுகள் எல்லாம் செத்துக் கிடந்தன. ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தேன், ஒன்றிலும் மூச்சில்லை. காற்று திரும்ப அடித்து அந்தச் சத்தத்தை மூடிவிட்டது. 

அதற்குப் பிறகு அது ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒருநாள் தம்பியின் அறைச் சுவரோரம் கேட்கும். ஒருநாள் குசினியில், அடுப்பு அணைந்த பிறகு. ஒருநாள் பின்னேரம் கிணற்றடிக்குப் போனேன், விறகுக் கொட்டிலுக்குள்ளிருந்து கேட்டது. அந்த நேரம் மச்சாள் முன்வாசலைக் கூட்டும் விளக்குமாற்றுச் சத்தமும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. கொட்டிலுக்குள் எட்டிப் பார்க்க மனம் துணியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெறும் வாளியோடு திரும்பி வந்தேன். தொலைபேசி நிலையத்தில் காதுக்குழாயை மாட்டினால் அதற்குள்ளும் அந்த நடை கேட்பதுபோல இருந்தது. ஆட்களைப் பிழையான இலக்கத்துக்கு இணைத்து ஏச்சு வாங்கினேன்.

பைத்தியம் பிடிக்க முன்னம் கேட்டுவிடுவது மேல் என்று ஒரு மத்தியானம் தம்பியின் அறைக்குள் போனேன். அம்மா கூடத்தில் படுத்திருந்தாள். மச்சாள் நிலத்தில் இருந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அறைக்குள் தெளிவாக விழுந்துகொண்டிருந்தது, மறைக்க ஒரு முயற்சியும் இல்லாமல்.

"என்ன சத்தம் அது?" என்றேன்.

அவள் சீப்பை வைத்தாள். பிறகு மூலையில் கிடந்த தம்பியின் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தாள். பூட்டு இல்லாத பெட்டி. மடித்த சேட்டுகளுக்கு மேலே ஒரு பிஸ்கட் தகரம். மூடியை எடுத்ததும் அந்த இருண்ட மூலையில் பச்சை எண்கள் மினுங்கின. நான் அலறியிருப்பேன், அவள் என் வாயைப் பொத்தினாள்.

"மாமிக்குக் கேக்கப் போகுது. அவர்தான் கழட்டித் தந்தவர், மச்சாள். அண்டைக்குப் போகேக்குள்ள."

"அவன் ஒருநாளும் கழட்டமாட்டானே."

"ஓம். அண்டைக்குக் கழட்டினவர். 'இது எல்லாருடைய சாமான், நனையக்கூடாது, நான் வருமட்டும் சாவி குடு' எண்டு சொன்னவர்."

நான் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். எத்தனை தரம் ஏசினாலும் கழற்றாதவன் அன்றைக்கு மட்டும் கழற்றிக் கொடுத்திருக்கிறான். கடலின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டும் யாருடையதோ ஒரு லோஞ்சுக்காகப் போயிருக்கிறான். எனக்கு அவன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. எதிரில் நின்றிருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பேன். மச்சாளுக்கோ அதே வார்த்தை வேறாக விளங்கியிருந்தது. நான் வருமட்டும் என்று சொன்னவன் வருவான்.

"விசர்க் கதை. அவன் தெரிஞ்சுதான் விட்டிட்டுப் போனவன். இன்னும் எத்தினை காலத்துக்குச் சாவி குடுக்கப் போறாய்?" என்றேன்.

"மனிசற்ற கைதானே, ஒருநாள் மறக்கும். நான் மறந்து அது நிண்டுபோற அண்டைக்கு நானே பொட்டை அழிக்கிறன். நீங்கள் ஒருத்தரும் சொல்ல வேண்டாம்." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஆனா மச்சாள், அது நான் மட்டும் குடுக்கிறதில்லை."

எனக்கு விளங்கவில்லை.

"நான் ஒவ்வொரு நாளும் விடியக் குடுக்கிறனான். போய்ப் பிடிச்சா, அது ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கும். ஒரு திருகு, ரெண்டு திருகு, அவ்வளவுதான். முதல் மாதத்திலயிருந்து இப்பிடித்தான். அவர் வந்து பாத்திட்டுப் போறார்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பயமே இல்லை. புருசன் வேலையால் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான் என்று சொல்பவளின் முகம். பயம் எனக்குத்தான்.

நான் மணிக்கூட்டுக்காரி. பேயை நம்பாவிட்டாலும் சுருள்வில்லை நம்புகிறவள். அந்தக் கறுப்பு முகத்தின் வயிறு எனக்குத் தெரியும். பூரணைக்குப் பூரணை எங்கள் கைகளில் மாறி மாறி வந்தது அல்லவா? ஒருநாள் முழுக்க ஓடினால் எவ்வளவு பசிக்கும் என்று என் விரலுக்குத் தெரியும். அடுத்த நாள் காலை, தான் தொட முன்னம், மணிக்கூட்டைப் பிடித்துப் பார்க்கும்படி எனக்குச் சொன்னாள். குமிழைத் திருகினேன். கொஞ்சம் போய், இறுகி, நின்றுவிட்டது. முந்தின நாள் பின்னேரமோ இரவோ யாரோ கொடுத்திருக்க வேண்டும். அதன் கூடு இளஞ்சூடாக இருந்தது. அது தகரத்தின் சூடோ வெக்கையோ என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து நான் அம்மாவின் பக்கம் இல்லை, மச்சாளின் பக்கமும் இல்லை. என் பக்கம் என்று ஒன்று இருந்தால் அங்கே பயம்தான் இருந்தது. அம்மாவுக்கு இதைச் சொல்வதில்லை என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம். சொன்னால், பிள்ளை விடைபெற்றுக்கொண்டுதான் போயிருக்கிறான் என்று மறுநாளே ஐயரைக் கூட்டி வந்துவிடுவாள். அதற்கிடையில் அவள் ஆடி அமாவாசைக்கு முன்னர் சடங்கை முடிப்பதென்று நாளும் குறித்துவிட்டாள். வீட்டில் சண்டை உச்சத்துக்கு ஏறியது. சம்பல் அரைக்கும் அம்மியில்கூடக் கோபம் கேட்டது.

நாள் நெருங்க மச்சாளுக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் வெக்கைக் காய்ச்சல் என்று மல்லி அவித்துக் கொடுத்தோம். பிறகு அது நெருப்புக் காய்ச்சல், டைபொயிட் என்று அப்போதிக்கரி சொல்லி, தானே நின்று ஆஸ்பத்திரி வாட்டில் கட்டில் பிடித்துத் தந்தார். சடங்கு தள்ளிப்போயிற்று. நான் லீவு போட்டு அவள் பக்கத்தில் கிடந்தேன். பிதற்றினாள். என்னைத் தன் தாய் என்று நினைத்து வலை உலர்ந்துவிட்டதா என்று கேட்டாள். ஒரு தடவை கண் திறந்து, கட்டிலின் கால்மாட்டைப் பார்த்து, "இருங்கோ, வாறன்" என்று மரியாதையாகச் சொன்னாள். அங்கே யாரும் இல்லை. நான் கட்டிலைச் சுற்றிப் போவதை அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்படிச் சில நாட்கள் கழிந்து, காய்ச்சல் கொஞ்சம் இறங்கியபோதுதான் எனக்கு மணிக்கூடு நினைவு வந்தது. அவள் நினைவில்லாமல் கிடந்தாள், நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சாவி கொடுக்க யாரும் இல்லை. அது எப்போதோ நின்றிருக்கும். எனக்கு ஏற்பட்டது துக்கம் இல்லை, ஆறுதல். யாரும் யாரையும் வற்புறுத்தாமல், சண்டை இல்லாமல், தானாக முடிந்துவிட்டது. அவளே கேட்ட முடிவு. உடுப்பு எடுக்கவென்று மத்தியானம் வீட்டுக்கு நடந்தேன்.

படலை சாத்தியிருந்தது. கூடத்தில் அம்மா இல்லை. வெளியே கச்சான் இரைந்துகொண்டிருக்க, வீட்டுக்குள் புழுக்கமும் இருட்டும். செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டது. ஓர் அடி அழுத்தம், ஓர் அடி மெது. தம்பியின் அறைக்குள்ளிருந்து, தெளிவாக, ஆரோக்கியமாக, வயிறு நிறைந்த நடை.

நான் ஓடியிருக்க வேண்டும். என் கால் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் இருந்தது. யாரோ மிக மெல்லக் கதைத்தார்கள். அறை வாசல்வரை போய் எட்டிப் பார்த்தேன்.

அம்மா நிலத்தில் குந்தியிருந்தாள், முதுகு எனக்கு. பெட்டி திறந்திருந்தது. மணிக்கூட்டைக் காதோடு அணைத்து வைத்துக்கொண்டு குமிழைத் திருகினாள். ஒவ்வொரு திருகுக்கும், குழந்தைக்குச் சோறு தீத்துகிறவள்போலச் சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம்... இன்னும் ஒரு வாய்... காணும், போதும். காணும் ராசா."

எனக்கு அழுகை வந்தது. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அம்மா திரும்பிப் பார்த்தாள், மறைக்கவில்லை.

"எவ்வளவு காலமா இது?" என்றேன்.

"அவள் ஒளிச்ச மற்ற நாளே கண்டிட்டன். இது என்ர வீடு, பிள்ளை. எங்க என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியாதோ? அவள் காலமை குடுப்பாள். சின்னப்பிள்ளை, மறந்துபோவாளெண்டு நான் பின்னேரத்தில குடுக்கிறனான். சில நாள் மடியில வைச்சுக்கொண்டு கொட்டிலுக்குள்ள இருப்பன். அவன்ர கையில கிடந்தது."

"அப்ப ஏன் சடங்கு சடங்கெண்டு அவளைத் தின்னுறீங்கள்? அவன் செத்ததை நீங்களே நம்பேல்லையே!"

என் குரல் உயர்ந்துவிட்டது. அம்மா மணிக்கூட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"அவளுக்கு வயசு கிடக்கு. பொட்டை அழிச்சாத்தான் அவளின்ர ஆக்கள் வேற இடத்தில ஒரு வாழ்க்கை பாத்துக் குடுப்பினம். வைச்சுக்கொண்டு இருந்தா இந்த வாசலிலயே கிழவியாப் போவாள். காத்திருக்கிறதுக்கு நான் ஒருத்தி காணும்."

நான் அவளுக்கு எதிரில் இருந்தேன். சொல்வதா விடுவதா என்று யோசித்தேன். பிறகு சொன்னேன். காலையில் பிடித்தால் நிரம்பிக் கிடக்கும் என்று மச்சாள் சொன்னதை, தம்பி வந்து பார்த்துப் போகிறான் என்று அவள் நம்புவதை, அவள் போகாமல் இருப்பது அதனால்தான் என்பதை.

அம்மாவின் கை அப்படியே நின்றது. அவளை விரட்டவென்று மாதக்கணக்காய்க் கத்தியவள், அந்தக் கையாலேயே அவளைக் கட்டிப் போட்டிருந்தாள். அம்மா அழவில்லை. குமிழில் விரலை வைத்தாள். அதை நிற்பாட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கடைசியில் அதை மடியில் செருகிக்கொண்டு, குசினிக்குப் போய் அடுப்பை மூட்டினாள்.

மச்சாளை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று அவளால் நிமிர்ந்து இருக்க ஏலாது. கூடத்தில் பாய் விரித்துத் தலையணையில் சாய்த்தோம். முடி கொட்டி, கண் உள்ளே போயிருந்தது. அப்படிக் கிடந்தும், ஆஸ்பத்திரியில் யாரிடமோ குங்குமம் வாங்கிப் பொட்டு வைத்திருந்தாள். என் கையைப் பிடித்தாள்.

"மச்சாள், நான் மறந்துபோனனே. நிண்டதோ?"

நான் வாய் திறக்க முன்னம் அம்மா கஞ்சிக் கோப்பையோடு வந்து அவள் பக்கத்தில் இருந்தாள்.

"நிண்டுபோச்சு, பிள்ளை. நீ போன மற்ற நாளே நிண்டுபோச்சு. நான்தான் பாத்தனான்."

மச்சாள் அம்மாவைப் பார்த்தாள். மாமிக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

"அப்ப ஒருத்தரும் வந்து..."

"ஒருத்தரும் வரேல்லை. ஒருநாளும் வரேல்லை, பிள்ளை."

"எங்க அது?"

"கடல்ல போட்டிட்டன். அவன்ர சாமான் அவனோட போகட்டும்."

வெளியே காற்று ஓய்ந்தது. கச்சான் அடிக்கும்போது அப்படித்தான், திடீரென்று ஒரு கணம் உலகம் மூச்சை அடக்கும். அந்த அமைதிக்குள் அம்மாவின் மடியிலிருந்து அது கேட்டது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டது, கையிலிருந்த கோப்பை சரிந்து கஞ்சி பாயில் சிந்தியது. மாதக்கணக்காக அதோடு ஒரே அறையில் படுத்த மச்சாளுக்கு மட்டும் கேட்காமல் இருக்குமா?

மச்சாள் அம்மாவின் மடியைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.  தனக்கு முன்னால் சாவி கொடுத்த கை யாருடையது என்பது அவள் முகத்தில் மெல்ல விளங்கி, அடங்கியது. எலும்பும் தோலுமான கையை நீட்டி அம்மாவின் மடிமேல், அந்தச் சத்தத்தின்மேல், வைத்தாள். மற்றக் கையால் தன் சேலைத் தலைப்பை எடுத்துக் கஞ்சியில் நனைத்து நெற்றியைத் துடைத்தாள்.

"ஓம் மாமி," என்றாள். "நிண்டுபோச்சு."